அகதி மேல்முறையீடு: உங்கள் கடிதங்களுக்குப் பதில்

அண்ணன் கனடாவில் இருக்கிறார். கைதான மாதத்தை விசாரணையில் மாற்றிச் சொல்லிவிட்டார் என்பதால் அவர் சொன்ன எதையும் நம்ப மறுத்துவிட்டார்கள். அந்த முடிவு மேல்முறையீட்டில் நிற்குமா, ஐயா? (கோபாலசமுத்திரம்)

அந்த ஒரு காரணத்துக்காக மட்டும் முழுவதையும் பொய் என்று தள்ளினால், அதைத் தாராளமாக எதிர்க்கலாம். சத்தியம் செய்து சொன்னதை, சந்தேகிக்கக் காரணம் இல்லாதவரை உண்மை என்றே கொள்ள வேண்டும் என்பது கனடா நீதிமன்றத்தின் 1979 மால்டொனாடோ தீர்ப்பு. ஆனால் அங்கே மேல்முறையீட்டில் பெரும்பாலும் ஆளைக் கூப்பிடுவதில்லை, பதிவுகளைப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். அதனால் வக்கீல் விசாரணையின் ஒலிப்பதிவை முழுதாகக் கேட்கட்டும். விமான நிலையத்தில் சொன்னது, படிவத்தில் எழுதியது, விசாரணையில் பேசியது மூன்றையும் அருகருகே வைத்துப் பார்க்கட்டும்.

புது ஆவணம் அனுப்பலாமா? (அம்பாசமுத்திரம்)

கனடா என்றால், நிராகரிப்புக்குப் பிறகு வந்ததாக இருக்க வேண்டும். இல்லையென்றால் முன்பே கொடுக்க முடியாமல் போனதற்கு நியாயமான காரணம் வேண்டும். வீட்டு பீரோவில் கிடந்த காகிதம் தேறாது. மேல்முறையீட்டு நோட்டீஸுக்கு 15 நாள்தான். தேதியைப் பாருங்கள் என்று ஒவ்வொரு முறையும் எழுதுகிறேன்.

மச்சான் கேஸ் ஜெயிக்குமா? (வள்ளியூர்)

எந்த நாடு, எப்போது நிராகரித்தார்கள், என்ன காரணம் சொன்னார்கள், எதுவுமே எழுதவில்லை. உத்தரவின் நகலைப் படிக்காமல் யார் பதில் சொன்னாலும் நம்பாதீர்கள்.

தம்பிக்கு ஆதரவாக இங்கே அகதி முகாமில் ஐந்து பேர் கடிதம் தருகிறோம். டைப் சென்டரில் மாதிரி இருக்கிறது. போதுமா? (பெருமாள்புரம்)

போதாது. கெடுதலும்கூட. இந்த மாதிரிக் கடிதங்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ஐந்து கடிதத்திலும் 'மேற்படியார் கடுமையாகச் சித்திரவதை செய்யப்பட்டார் என்பதை நான் நன்கு அறிவேன்' என்று ஒரே வரி, ஒரே எழுத்துப்பிழை, ஒரே இடத்தில் பத்தி முடிவு. அங்கே உட்கார்ந்து படிப்பவர் முதலில் கவனிப்பது அதைத்தான். உண்மையிலேயே அடிபட்டவனின் வாக்குமூலமும் அந்தச் சந்தேகத்தில் சேர்ந்து முங்கிப்போகிறது. நீங்கள் எப்படி அறிவீர்கள்? பார்த்தீர்களா, கேட்டீர்களா, யார் சொன்னார்கள்? 'தம்பி திரும்பி வந்த அன்று இடது கையைத் தூக்க முடியவில்லை, நான்தான் சட்டையைக் கழற்றிவிட்டேன்' என்று அக்கா தன் கையால் எழுதிய நாலு வரிக்கு அந்த ஐந்தும் ஈடாகாது. பார்க்காததை எழுதாதீர்கள். தேதி நினைவில்லை என்றால் நினைவில்லை என்றே எழுதுங்கள். அப்புறம், அடையாள அட்டை நகலை இணையுங்கள்.

மகன் லண்டனில். முதுகுத் தழும்பு தானே வேண்டிச் சுட்டுக்கொண்டது என்கிறார்களே? (களக்காடு)

2019இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் இதே போன்ற ஒரு தமிழரின் வழக்கில், அடைக்கலத்துக்காகப் பிறரை வைத்துச் சூடு போட்டுக்கொள்வது மிக அரிது என்று சொல்லி, மறுவிசாரணைக்கு அனுப்பியது. சித்திரவதைக் காயங்களை ஆராய்ந்து எழுதுவதற்கான ஐ.நா. வழிகாட்டியான இஸ்தான்புல் நெறிமுறையின் ஐந்து படிகளில் தழும்பு எதில் வருகிறது என்று மருத்துவர் தெளிவாக எழுத வேண்டும். முடிவெடுப்பவர் முதலில் பொய் என்று முடிவுகட்டிவிட்டு, பிறகு மருத்துவ அறிக்கையைப் பார்ப்பது தவறு. எல்லாவற்றையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

இந்தியாவில் அகதி முகாமில் இருந்ததை மறைக்கலாமா? (பணகுடி)

கூடவே கூடாது. முகாம் பதிவு எப்படியும் வெளியே வரும். தகவலை மறைப்பதே நம்பகத்தன்மைக்குக் கேடு என்கிறது பிரிட்டனின் 2004 சட்டம், 8ஆம் பிரிவு. அகதிகளுக்குப் பாதுகாப்புத் தரும் 1951 சர்வதேச உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. முகாமை விட்டு ஏன் போனார் என்ற கேள்விக்கு அதையும் பதிலாகச் சொல்லலாம்.