ஏற்றத்தில் மட்டும் அணையும் எஸ்ஜே410

பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரை இப்போதே மாற்ற வேண்டாம். முதலில் ஃப்ளோட் மட்டத்தை, அதாவது கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் நிற்கும் உயரத்தைப் பாருங்கள். சமதளத்தில் ஒழுங்காக ஓடும் உங்கள் சுசுகி எஸ்ஜே410 ஜீப், பினாங்கின் பாலிக் புலாவ் டுரியான் தோட்ட ஏற்றத்தில் மட்டும் பெட்ரோல் வாடையோடு அணைகிறது என்கிறீர்கள். மட்டம் கூடியிருந்தால், வண்டி சாயும்போது பெட்ரோல் உள்ளே வழிந்து எஞ்சினை மூழ்கடிக்கும்.

சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை ஐட்லிங்கில் விட்டு, கார்புரேட்டர் பக்கத்திலுள்ள சின்னக் கண்ணாடியில் டார்ச் அடியுங்கள். பெட்ரோல் நடுப்புள்ளியில் நிற்க வேண்டும். மேலே ஏறியிருந்தால் பெரும்பாலும் நீடில் வால்வு, அதாவது கிண்ணத்துக்குள் பெட்ரோல் வருவதை அடைக்கும் ஊசி, தேய்ந்திருக்கும். என் வண்டியில் அந்த ஊசி முனையில் நகத்துக்குத் தட்டுப்படும் அளவுக்கு வளையமே விழுந்திருந்தது.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே கழற்றுங்கள், தயவுசெய்து. அப்புறம், முன்பு வைத்திருந்தவர் வேறு கார்புரேட்டர் மாட்டியிருந்தால் அந்தக் கண்ணாடி இல்லாமல் போகலாம். மூடியைத் திறந்துதான் அளக்க வேண்டும்.