லைக் எண்ணுவது ஒரு படிப்பா?

கேள்வி: மகன் பி.எஸ்சி. புள்ளியியல் கடைசி வருடம். ‘கால்பந்து வீரரின் இணையச் செல்வாக்கை அளத்தல்’ என்று புராஜெக்ட் எடுத்திருக்கிறான். நாள் முழுக்க ஃபோனில் மெஸ்ஸிதான். இதை வைத்து வேலை கிடைக்குமா?

பதில்: தலைப்பை மாற்றச் சொல்லாதீர்கள், அம்மா. எப்படி அளக்கப்போகிறான் என்று கேளுங்கள். ஃபாலோயர் எண்ணிக்கையை வைத்துப் பட்டை வரைபடம் போட்டால் மார்க் வரலாம். இன்டர்வியூவில் முதல் கேள்விக்கே தாங்காது. ஆர்வம் போன பிறகு யாரும் மெனக்கெட்டு அன்ஃபாலோ செய்வதில்லை, போலிக் கணக்குகள் வேறு.

ஒரே வீரர், ஒரே நிகழ்வு என்று சுருக்கிக்கொள்ளட்டும். மெஸ்ஸி அமெரிக்கக் கிளப்பான இன்டர் மயாமிக்குப் போனது வசதியான விஷயம்: 2023 ஜூன் 7 அறிவிப்பு, ஜூலை 15 ஒப்பந்தம், ஜூலை 21 முதல் ஆட்டம். எந்தத் தேதிக்கு எவ்வளவு ஏறியது என்று பிரித்துப் பார்க்கலாம்.

முதலில் விக்கிப்பீடியா பக்கப் பார்வைகள். இலவசம், 2015 ஜூலையிலிருந்து நாள்வாரியாகக் கிடைக்கும். ஆங்கிலம், ஸ்பானியம் இரண்டிலும் மே முதல் ஆகஸ்ட் வரை எடுத்தால் போதும். ‘பயனர்’ வருகையை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பாட்களும் (தானாகப் பக்கங்களைத் திறக்கும் நிரல்கள்) கணக்கில் சேரும். பலரும் கோட்டைவிடும் இடம் நேரம். விக்கிப்பீடியாவின் நாள் சர்வதேச நேரப்படி (UTC) கணக்கிடப்படுகிறது. புளோரிடாவில் ஜூலை 21 இரவு மெஸ்ஸி அடித்த ஃப்ரீ கிக் விக்கிப்பீடியாவுக்கு ஜூலை 22. இதைக் கவனிக்காதவர் ‘தாக்கம் ஒரு நாள் தாமதமாக வந்தது’ என்று ஒரு பக்கம் எழுதிவைப்பார்.

அடுத்து கூகுள் டிரெண்ட்ஸ், ஒரு சொல்லைத் தேடும் ஆர்வம் எப்படி ஏறி இறங்கியது என்று காட்டும் கருவி. அங்கே 100 என்பது தேடல் எண்ணிக்கை அல்ல, எடுத்த காலத்தின் உச்சம். 2022 டிசம்பர் உலகக் கோப்பையையும் சேர்த்து எடுத்தால் அதுவே 100 ஆகிவிடும். மயாமி மேடு தரையோடு ஒட்டிக்கொள்ளும். ஐந்து வருடத்துக்குக் கேட்டால் வாரக்கணக்குதான் வரும், மூன்று மாதத்துக்குக் கேட்டால் நாள்கணக்கு. மாதிரி எடுத்துக் கணக்கிடுவதால் எண்கள் சற்று மாறும். வெவ்வேறு நாட்களில் ஐந்தாறு முறை இறக்கிச் சராசரி எடுக்கட்டும்.

இன்ஸ்டாகிராமில் லைக்கையும் கமென்ட்டையும் கூட்டி, ஃபாலோயரால் வகுத்து, நூறால் பெருக்கினால் ஈடுபாட்டு விகிதம். ஆனால் பல பதிவுகளுக்குச் சராசரி வேண்டாம், இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) எடுக்கச் சொல்லுங்கள். உலகக் கோப்பையோடு மெஸ்ஸி போட்ட ஒரே பதிவு 7 கோடி லைக்கைத் தாண்டியது. அது ஒன்றே சராசரியைத் தூக்கிவிடும். இந்த ஒரு முடிவை விளக்கத் தெரிந்தால் புள்ளியியல் மாணவன் என்று நம்பலாம்.

கமென்ட்டின் தொனியை அளப்பது நேரமிருந்தால் மட்டும். ஆங்கிலத்துக்குச் செய்த கருவிக்கு ஸ்பானியக் கிண்டல் பிடிபடாது.

இனி வேலை. கால்பந்து கிளப்பில் இடம் என்று எண்ணிக்கொண்டால் ஏமாற்றம்தான், இந்தியாவில் அந்த இடங்கள் மிகக் குறைவு. ஆனால் விளம்பர ஏஜென்சி, இ-காமர்ஸ், சந்தை ஆய்வு நிறுவனம் எல்லாவற்றிலும் இதே கணக்கைத்தான் பிராண்டுக்கும் நடிகருக்கும் போடுகிறார்கள். பைத்தான் (நிரல் மொழி), எஸ்.க்யூ.எல். (தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கும் மொழி) இரண்டும் கையில் வர வேண்டும். ‘ஸ்போர்ட்ஸ் அனலிட்டிக்ஸ், வேலை உறுதி’ என்று பெருந்தொகை கேட்கும் சான்றிதழ் படிப்புக்கு இப்போது பணம் கட்டாதீர்கள்.

ஒரு மாதம் கழித்து அவனிடம் வரைபடத்தைக் கேட்காதீர்கள்; தரவுக் கோப்பைக் கேளுங்கள். எந்தத் தேதியில், எந்த வடிகட்டியோடு இறக்கினான் என்று ஒவ்வொரு வரிசைக்கும் குறிப்பு இருந்தால், தைரியமாக முதுநிலைக்கு விண்ணப்பம் வாங்கலாம்.