ப்ளூஸுக்கு மைனர் சிக்ஸ்த் பென்டாடானிக் ஸ்கேலை எப்படிப் பழகுவது?

கேள்வி இது: கிட்டாரில் மைனர் பென்டாடானிக்கின் (ஐந்து ஸ்வர ஸ்கேல்) முதல் பாக்ஸ் (கழுத்தில் விரல் வைக்கும் வடிவம்) கைக்கு வந்துவிட்டது, ஆனால் எந்த ப்ளூஸ் வாசித்தாலும் ஒரே மாதிரி கேட்கிறது. மைனர் சிக்ஸ்த் பென்டாடானிக் இதை மாற்றுமா? எங்கே தொடங்குவது?

மாற்றும். அதற்கு மாற வேண்டியது ஒரே ஒரு ஸ்வரம். ஏ-யில் வைத்துச் சொல்கிறேன். இப்போது நீங்கள் வாசிப்பது ஏ, சி, டி, ஈ, ஜி. இதில் ஜி-யை எடுத்துவிட்டு, அதற்கு ஒரு ஃப்ரெட் கீழே உள்ள எஃப் ஷார்ப்பை வையுங்கள். கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்கள் இப்படி நினைத்துக்கொள்ளலாம்: சுத்த தன்யாசியின் ஸ்வரங்களில் கைசிகி நிஷாதம் போய், அந்த இடத்தில் சதுஸ்ருதி தைவதம் வந்து உட்காருகிறது. ஸ்வரக் கணக்குக்கு மட்டும்தான் இந்த ஒப்பீடு. வாசிக்கும் விதம் முற்றிலும் வேறு.

தடிமனான 6-வது கம்பியிலிருந்து ஃப்ரெட்டுகள் இப்படி வரும்:

6-வது கம்பி: 5, 8
5-வது: 5, 7
4-வது: 4, 7
3-வது: 5, 7
2-வது: 5, 7
1-வது: 5, 8

பழைய பாக்ஸோடு ஒப்பிட்டால் இரண்டே இடங்கள்தான் நகர்ந்திருக்கின்றன. 4-வது கம்பியில் 5 இருந்த இடத்தில் 4, 2-வது கம்பியில் 8 இருந்த இடத்தில் 7.

எல்லாரும் தடுமாறுவது 4-வது கம்பியில்தான். 4-க்கு ஆள்காட்டி விரல், 7-க்குச் சுண்டு விரல். கட்டை விரலைக் கழுத்தின் மேல்விளிம்பில் இறுக்கிப் பிடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தால் சுண்டு விரல் ஃப்ரெட்டுக்குப் பின்தங்கி விழும், ஸ்வரம் கரகரக்கும். விரலை மட்டும் நீட்டாதீர்கள். கட்டை விரலைக் கழுத்தின் பின்புறத்துக்கு இறக்கி, மொத்தக் கையையும் ஒரு ஃப்ரெட் பின்னுக்கு நகர்த்துங்கள். 3-வது கம்பிக்குப் போகும்போது கை பழைய இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும். முதலில் 5-வது, 4-வது, 3-வது கம்பிகளை மட்டும் எடுத்து, நிமிடத்துக்கு 60 தட்டில், தட்டுக்கு இரண்டு ஸ்வரமாக மேலும் கீழும் போய்வாருங்கள். கை சத்தமில்லாமல் நகரும்வரை வேகத்தைக் கூட்ட வேண்டாம்.

இனி, இந்த ஸ்கேலின் உயிர் எங்கே என்று பார்ப்போம். இதன் ஐந்து ஸ்வரங்களையும் டி-யிலிருந்து எண்ணிப் பாருங்கள்: டி, எஃப் ஷார்ப், ஏ, சி, ஈ. அது அப்படியே டி9 கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு). அதாவது ஏ ப்ளூஸில் நாலாவது கார்டான டி7 வரும்போது, இந்த ஸ்கேலில் எந்த ஸ்வரத்தில் நின்றாலும் அது கார்டோடு பொருந்தும். பழைய ஸ்கேலின் ஜி, டி7-இன் எஃப் ஷார்ப்போடு உரசிக்கொண்டு அந்தரத்தில் தொங்கும். அதில் இளைப்பாற முடியாது. ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழுவில் 1986-இல் வாசித்த கிட்டாரிஸ்ட் ராபன் ஃபோர்டின் ப்ளூஸில் இந்த ஒலியை நன்றாகக் கேட்கலாம். கார்ட் மாறுவது பக்கவாத்தியம் இல்லாமலேயே லீடில் (தனி வாசிப்பில்) தெரியும்.

அதனால் பயிற்சியை ஏ7-இல் தொடங்காதீர்கள். டி7-ஐ மட்டும் லூப்பில் ஓடவிட்டு, ஒவ்வொரு வாக்கியத்தையும் எஃப் ஷார்ப்பில் முடியுங்கள். அது காதில் பதிந்த பிறகு இரண்டு பார் (தாளக் கட்டம்) ஏ7, இரண்டு பார் டி7 என்று மாற்றி மாற்றி ஓடவிட்டு, டி7-இன் முதல் தட்டிலேயே எஃப் ஷார்ப் விழும்படி வாசியுங்கள். ப்ளூஸின் 12 பார் சுற்று முழுவதும் அதற்குப் பிறகுதான்.

ஏ7-இல் அதே எஃப் ஷார்ப் ஆறாவது ஸ்வரமாகி இனிப்பாக ஒலிக்கும். அங்கே ப்ளூஸின் காரம் பெண்டில், அதாவது கம்பியைத் தள்ளி ஸ்வரத்தை உயர்த்துவதில்தான் வரும். 2-வது கம்பியில் 7-வது ஃப்ரெட்டை மோதிர விரலால் பிடித்து, பின்னால் 6-இல் நடுவிரலைத் துணைக்கு வைத்து, அரை ஸ்வரம் மட்டும் தள்ளுங்கள். விட்டுப்போன ஜி திரும்பக் கிடைக்கும். அளவு பிசகாமல் இருக்க, முதலில் 8-வது ஃப்ரெட்டை நேராக வாசித்துக் கேட்டுவிட்டு, அந்த இடத்துக்கு 7-ஐத் தள்ளுங்கள். 009 செட் (முதல் கம்பி 0.009 அங்குலத் தடிமன்) போன்ற மெல்லிய கம்பிகளில் கை அதிகமாகப் போய் ஜி ஷார்ப்பைத் தொட்டுவிடும். ஏ7-க்கு மேல் அது காதைக் குத்தும். ஏ7 ஓடும்போது தள்ளிப் பிடித்த அந்த ஜி-யை, டி7 வரும் நொடியில் மெல்லத் தளர்த்தி எஃப் ஷார்ப்பில் இறக்குங்கள். இந்த ஒரு அசைவுக்காகவே ஸ்கேலைக் கற்கலாம்.

சி-க்கும் இதே கவனம் தேவை. 3-வது கம்பியின் 5-வது ஃப்ரெட்டை ஆள்காட்டி விரலால் தரையை நோக்கிச் சற்றே இழுத்தால் ஸ்வரம் சி-க்கும் சி ஷார்ப்புக்கும் நடுவே நிற்கும். ட்யூனரில் 30 முதல் 50 சென்ட் (ஒரு ஃப்ரெட் இடைவெளி 100 சென்ட்) காட்டினால் சரி. ஆனால் டி7 ஓடும்போது சி-யை இழுக்காதீர்கள். அங்கே அது கார்டின் ஏழாவது ஸ்வரம்; மேலே போனால் கார்டோடு முட்டும்.

ஈ7 வரும் 9-வது பாரில் பலர் வழுக்குகிறார்கள். ஏ-யும் சி-யும் அங்கே உறுத்தும். டி, ஈ, எஃப் ஷார்ப் மூன்றிலும் தாராளமாக நிற்கலாம். இன்னும் நல்ல வழி, மொத்த வடிவத்தையும் இரண்டு ஃப்ரெட் மேலே தள்ளுவது. பி, டி, ஈ, எஃப் ஷார்ப், ஜி ஷார்ப் கிடைக்கும். அது ஈ9 கார்டேதான்.

இடையில் சேர்த்துக்கொள்ள இரட்டை ஸ்வரம் ஒன்று உண்டு. 4-வது கம்பியின் 4, 3-வது கம்பியின் 5 இரண்டையும் சேர்த்துத் தட்டுங்கள்: எஃப் ஷார்ப்பும் சி-யும், டி7-இன் கடி முழுக்க அதில் இருக்கிறது. அந்த ஜோடியை அப்படியே ஒரு ஃப்ரெட் மேலே நகர்த்தினால் ஏ7, இன்னொரு ஃப்ரெட் நகர்த்தினால் ஈ7. அடுத்தடுத்த மூன்று ஃப்ரெட்டில் ப்ளூஸின் மூன்று கார்டும் முடிந்துவிடுகிறது. லீட் வாக்கியங்களுக்கு நடுவே விழும் வெற்றிடங்களில் இதை வாசித்தால், தனியாக உட்கார்ந்து பழகும்போதும் 12 பார் எங்கே போகிறது என்று கை மறக்காது.