இரவே விடியாத பக்கத்தில் ஓசோன்

கேள்வி: ஒரே முகத்தைத் தன் விண்மீனுக்குக் காட்டியபடி சுற்றும் கோள்களில் பாதிக்கு நிரந்தரப் பகல், பாதிக்கு நிரந்தர இரவு என்று படித்தேன். ஓசோன் உண்டாக ஒளி வேண்டும் என்றால், இரவுப் பக்கத்தில் அது இருக்கவே இருக்காதல்லவா?
– ஒரு வாசகி, கொடைக்கானல்

பதில்: ஆக்சிஜன் உள்ள காற்று இருந்தால் அங்கும் ஓசோன் இருக்கும், கணினி மாதிரிகளின்படி, பகல் பக்கத்தைவிட மிகுதியாகவே சேரக்கூடும்.

இதைப் புரிந்துகொள்ள உங்கள் ஊர் வானாய்வகமே உதவும். ஓசோனை அளக்கத் தாம் உருவாக்கிய கருவிகளை ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த விஞ்ஞானி டாப்சன் 1928–29இல் உலகின் சில இடங்களுக்கு அனுப்பியபோது, அவற்றுள் ஒன்று கொடைக்கானலுக்கு வந்தது. வெயில் உச்சந்தலையில் காயும் வெப்பமண்டலத்தில்தான் ஓசோன் மிகுதியாக இருக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் இங்கே குறைவாகவும், துருவங்களை ஒட்டிய பகுதிகளில், அதுவும் வசந்த காலத்தில், கூடுதலாகவும் இருக்கிறது. பூம்பாறையில் விளையும் மலைப்பூண்டு வடுகபட்டிச் சந்தையில் குவிவதைப் போல, வெப்பமண்டலத்தின் மேல்வானில் உண்டாகும் ஓசோனை அடுக்கு மண்டலம் எனப்படும் அந்த மேலடுக்கின் மெதுவான காற்றோட்டம் துருவங்களின் பக்கம் சுமந்து சென்று இறக்கிவிடுகிறது.

நீங்கள் கேட்ட கோள்களிலும் இதே கதைதான். 2016இல் அறிவிக்கப்பட்ட, சுமார் 4.2 ஒளியாண்டு தொலைவிலுள்ள பிராக்சிமா செண்டாரி பி என்ற கோள் 11.2 நாளில் தன் விண்மீனைச் சுற்றிவிடுகிறது. அது ஒரே முகத்தையே காட்டக்கூடும். அதற்குப் பூமியைப் போன்ற காற்று இருப்பதாக வைத்துக் கணக்கிட்டால் (இருக்கிறதா என்பதே இன்னும் தெரியாது), பகல் பக்கத்தில் உண்டான ஓசோன் மேலடுக்கு வழியாக இரவுப் பக்கம் சென்று கீழிறங்கி, அங்குள்ள இரண்டு பெரிய குளிர்ந்த காற்றுச் சுழல்களில் சிக்கிக்கொள்கிறது. அதைச் சிதைக்கும் ஒளியும் அங்கே இல்லை. ஆனால் எல்லா வாயுவுக்கும் இந்தப் பயணம் வாய்க்காது: பூமியில் ஒரு விநாடி அளவே நிலைக்கும் ஹைட்ராக்சில் போன்றவை, காற்று நகர்த்துவதற்குள் பிறந்த இடத்திலேயே வினைபுரிந்து தீர்ந்துவிடும். வாயுவின் ஆயுளா, காற்றின் பயண நேரமா, எது நீளம் என்பதே கேள்வி.

இதில் என்னை அதிகம் ஈர்ப்பது அளவீட்டுச் சிக்கல்தான். டிராப்பிஸ்ட்-1 இ போன்ற கோள் தன் விண்மீனின் முகத்தைக் கடக்கும்போது தொலைநோக்கிக்கு வந்து சேரும் ஒளி, பகலும் இரவும் சந்திக்கும் விளிம்புக் காற்றை மட்டுமே ஊடுருவி வருகிறது. ஆகவே இரவுப் பக்கச் சுழல்களில் எவ்வளவு ஓசோன் தேங்கியிருந்தாலும், அந்த விளிம்பைக் காற்று எட்டவைக்கும் பங்கு மட்டுமே நம் கணக்கில் வரும்.