மீன்குஞ்சின் வீக்கம் சிறுநீரகத்தால்தானா?

கேள்வி: ஜீப்ரா மீன் குஞ்சுகளுக்கு ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தை ஊசியில் போட்டு, திடீர் சிறுநீரகப் பாதிப்பை ஆராய்கிறோம். குஞ்சுகள் வீங்குகின்றன. ஆனால் உப்புநீர் மட்டும் ஏற்றிய கண்ட்ரோல் (ஒப்பீட்டுக்கான) குஞ்சுகளிலும் சில வீங்கிவிடுகின்றன. எங்கே தவறு?

பதில்: முதலில் ஊசி அளவைச் சந்தேகப்படுங்கள். 1 நானோ லிட்டர் என்பது மினரல் ஆயிலில் 0.125 மி.மீ. விட்டமுள்ள துளி. விட்டம் 0.16 மி.மீ. ஆனாலே அளவு இரட்டிப்பாகிவிடும். ஊசிமுனை உடைந்தால் துளி பெருக்கும், அடைத்தால் சிறுக்கும். இருபது குஞ்சுக்கு ஒருமுறை மைக்ரோமீட்டர் ஸ்லைடில் அளந்துவிட்டுத் தொடருங்கள்.

அடுத்தது மயக்க மருந்து. ட்ரைகெய்ன் கரைசல் அமிலத்தன்மை உள்ளது. டிரிஸ் என்ற அமிலச் சமன்பொருளைச் சேர்த்து பி.எச். 7க்குக் கொண்டுவர வேண்டும். லிட்டருக்கு 160 மி.கி. போதும். அதிலேயே நெடுநேரம் கிடந்தால் இதயத்துடிப்பு தளர்ந்து, சிறுநீரகத்தின் வடிகட்டலும் குறையும். நன்னீரில் குஞ்சின் தோல் வழியே தண்ணீர் ஓயாமல் உள்ளே புகுகிறது. அதை வெளியேற்றுவது சிறுநீரகம். எனவே இதயம் பழுதானாலும், சிறுநீரகம் பழுதானாலும் வீக்கம் ஒன்றுபோலத்தான் இருக்கும். வீக்கத்தை மட்டும் வைத்து முடிவு எழுதவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

அப்படியானால் சிறுநீரக வடிகட்டலை நேரடியாக அளக்க, ஒளிரும் டெக்ஸ்ட்ரானை (சாயம் இணைத்த சர்க்கரைச் சங்கிலி மூலக்கூறு) இரத்தத்தில் ஏற்றிப் பாருங்கள். 10 கிலோ டால்டன் வகை நல்ல சிறுநீரகத்தில் வடிந்து போய்விடும். இதயத்தின் மேல் ஒளிர்வை, ஏற்றிய 3 மணி நேரத்திலும் 24 மணி நேரத்திலும் ஒரே எக்ஸ்போஷரில் படமெடுங்கள். ஒவ்வொரு குஞ்சையும் தனிக்குழியில், இருட்டில் வையுங்கள். இல்லையேல் எந்தக் குஞ்சு எது என்று தெரியாது, வெளிச்சத்தில் ஒளிர்வும் மங்கும். ஒளிர்வு குறையாமல் நின்றால் வடிகட்டல் தடைபட்டிருக்கிறது. பெரிய மூலக்கூறான 70 கிலோ டால்டன் வகையும் வெளியேறினால் சல்லடையே, அதாவது போடோசைட் எனும் வடிகட்டும் செல்களின் அடுக்கே, கிழிந்திருக்கிறது. ஜென்டாமைசின் முக்கியமாகத் தாக்குவது சிறுகுழாய்ச் செல்களை.

வடிகட்டல் தொடங்குவதே முட்டை கருவுற்ற சுமார் 48 மணி நேரத்தில்தான். தண்ணீர் 28.5 டிகிரிக்குக் கீழே இறங்கினால் வளர்ச்சி பின்தங்கும்; கடிகாரத்தைவிடக் குஞ்சின் உருவத்தை நம்புங்கள். இன்னொன்று: ஜென்டாமைசின் பக்கக்கோட்டு மயிர்ச்செல்களையும் (நீரின் அசைவை உணர்பவை) கொல்லும். குஞ்சின் நீச்சல் தடுமாறினால் அதைச் சிறுநீரகக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: குஞ்சுக்கு இரண்டே நெஃப்ரான்கள் (சிறுநீரகத்தின் வடிகட்டும் அலகுகள்). மனிதருக்கு இது பொருந்துமா?

பதில்: போடோசைட், சிறுகுழாய்ச் செல்கள் பெரிதும் ஒத்தவை, நச்சுப் பரிசோதனைக்குப் பொருந்தும். குணமாவதில்தான் எச்சரிக்கை தேவை. வளர்ந்த ஜீப்ரா மீன் பாதிப்புக்குப் பின் புது நெஃப்ரான்களையே உண்டாக்கும். மனிதரால் பிறந்தபின் அது இயலாது.