பாட்டிலில் 'மோனோபோல்' என்று போட்டிருந்தால் என்ன பொருள்? பிரான்சில் முழுத் தோட்டமும் ஒரே ஒயின்காரருக்குச் சொந்தமாக இருப்பது அவ்வளவு அபூர்வமா?

பர்கண்டி என்ற பிரெஞ்சு ஒயின் வட்டாரத்தில் அபூர்வம்தான். தோட்டம் என்றால் ஒருவருக்குத்தானே சொந்தமாக இருக்கும், இதில் என்ன விசேஷம் என்று நானும் நினைத்திருந்தேன், ஒரு செப்டம்பரில் திராட்சை பறிக்கப் போகும் வரை.

தீஜோனில் படித்துக்கொண்டிருந்த காலம். கைச்செலவுக்கு ஆகுமே என்று பத்து நாள் பறிப்பு வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளியிடம் மொத்தமே பதினைந்து ஏக்கர் தேறாது. அதுவும் நாலு ஊரில் பதினோரு துண்டாகக் கிடந்தது. ஓரிடத்தில் ஐந்து வரிசை பறித்ததும் வேனில் ஏற வேண்டும், அடுத்த இடத்தில் மூன்று வரிசை, மறுபடி வேன். வேலியும் கிடையாது, வரப்பும் கிடையாது. வரிசைக்கும் வரிசைக்கும் நடுவில் ஒரு மீட்டர் மண், கோடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல், அவ்வளவுதான் எல்லை. இரண்டாம் நாள், குனிந்த தலை நிமிராமல் பறித்துக்கொண்டே போய் அடுத்தவர் வரிசையில் கைவைத்துவிட்டேன். அரை வாளி நிறைந்த பிறகுதான் முதலாளி கவனித்தார். என்னைத் திட்டிய திட்டு பாதி புரியவில்லை. ஆனால் அந்த அரை வாளியைச் சிந்தாமல் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வரிசைக்காரர் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தார்.

இரண்டும் ஒரே மண், ஒரே பெயர். அவர் பாட்டிலிலும் அந்தத் தோட்டத்தின் பெயர்தான் இருக்கும், பக்கத்துக்காரர் பாட்டிலிலும் அதே பெயர்தான். பர்கண்டியில் பெயரும் தரவரிசையும் நிலத்துக்கு, ஆளுக்கு இல்லை. 'கிராண்ட் குரூ' என்ற உச்சப் பட்டம்கூட நிலத்துக்குத்தான். இன்னொரு ஒயின் வட்டாரமான போர்தோவில் கதை வேறு. அங்கே பட்டம் 'ஷாதோ' எனப்படும் பண்ணைக்குப் போகும்; பண்ணை பக்கத்து நிலத்தை வாங்கிச் சேர்த்தாலும் அதே பெயரில் விற்கலாம். அதனால் போர்தோவில் யாரும் 'மோனோபோல்' என்று பெருமை பேசுவதில்லை, பேசினால் அர்த்தமும் இல்லை. பர்கண்டியில் ஒரு பெயருடைய நிலம் முழுவதும் ஒரே கையில் இருந்தால்தான் அந்தச் சொல்.

நிலம் ஏன் இப்படித் துண்டு துண்டானது? நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், பாகப்பிரிவினைதான். பிரெஞ்சுப் புரட்சியில் மடங்களின் தோட்டங்களைப் பறித்து ஏலம் விட்டார்கள். பிறகு 1804-ல் வந்த நெப்போலியன் சட்டம் பிள்ளைகள் எல்லோருக்கும் சொத்தில் உரிமை கொடுத்தது. தலைமுறைக்குத் தலைமுறை ஆளுக்கு இத்தனை வரிசை என்று வெட்டிக்கொண்டே வந்தார்கள். இதற்குக் குளோ தெ வூஜோவைவிட நல்ல உதாரணம் இல்லை. சிஸ்டர்சியன் துறவிகள் மதில் கட்டி வளர்த்த, சுமார் 50 ஹெக்டேர் உள்ள தோட்டம். புரட்சியில் கைமாறியும் பிளவுபடாமல் தாக்குப்பிடித்தது, 1889-ல் உடைந்தது. இன்று அதே மதிலுக்குள் ஏறத்தாழ 80 உரிமையாளர்கள்.

அப்படியானால் மோனோபோல் என்பது, ஏதோ ஒரு காரணத்தால் பாகப்பிரிவினைக்குத் தப்பிய நிலம். எப்படித் தப்பியது என்பது ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிக் கதை. எனக்கு ஒயினைவிட அந்தக் கதைகள்தான் பிடிக்கும்.

வோன்-ரொமானே என்ற ஊரில் லா ரொமானே இருக்கிறது. 0.85 ஹெக்டேர், நம் கணக்கில் இரண்டு ஏக்கர் பத்து சென்ட். பிரான்சிலேயே மிகச் சிறிய, தனிச் சட்டப் பெயருள்ள ஒயின் நிலம் இதுதான். லிஜே-பெலேர் என்ற பிரபுக் குடும்பத்தின் சொத்து. 1931-ல் அந்த வீட்டுச் சீமாட்டி இறந்தபோது பத்துப் பிள்ளைகள், அதில் மைனர்களும் உண்டு. இழுபறி முற்றி 1933-ல் எல்லாம் ஏலத்துக்கு வந்தது. வாரிசுகளில் ஒருவர் பாதிரியார். அவரும் ஒரு சகோதரரும் சேர்ந்து லா ரொமானேயை எப்படியோ மீட்டுவிட்டார்கள். பெரிய சொத்தான லா தாஷை மீட்க முடியவில்லை. அது பக்கத்து ரொமானே-கோந்தி பண்ணைக்குப் போனது.

லா தாஷ் கதையில் இன்னொரு வேடிக்கை. மூலப் பத்திரத்தில் லா தாஷ் சுமார் 1.4 ஹெக்டேர்தான். ஒட்டிக் கிடந்த லே கோதிஷோ என்ற நிலத்தின் திராட்சையையும் ரொமானே-கோந்திக்காரர்கள் லா தாஷ் என்றே விற்றுவந்தார்கள். லிஜே-பெலேர் குடும்பம் வழக்குப் போட்டுத் தோற்றது. மறு வருடமே மூல நிலமும் எதிர்த்தரப்பு கைக்குப் போய்விட்டது. இன்றைய லா தாஷ் 6.06 ஹெக்டேர். ஆக, சில மோனோபோல் வெட்டுப்படாமல் பிழைத்தது, சில வீங்கிப் பெருத்தது.

லா தாஷுக்கும் ரொமானே-கோந்திக்கும் நடுவில் ஒரு பட்டையாக ஓடும் லா கிராந்த் ரூ, 1933-ல் ஆன்ரி லாமார்ஷ் என்பவருக்குக் கல்யாணப் பரிசாக வந்தது. இப்படி ஒரு சீர் யாருக்குக் கிடைக்கும்! ஆனால் முப்பதுகளில் பட்டம் கொடுத்தபோது அந்தக் குடும்பம் கிராண்ட் குரூவுக்கு விண்ணப்பிக்கவே இல்லை. பட்டம் 1992-ல்தான் வந்தது.

ரொமானே-கோந்தி தோட்டம் 1.81 ஹெக்டேர், நாலரை ஏக்கர். ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் போய்ப் பார்த்தேன். இடுப்பளவுகூட இல்லாத சுவர், ஒரு கல் சிலுவை, தயவுசெய்து சாலையிலேயே நில்லுங்கள் என்று ஒரு பலகை. உலகத்தின் மிக விலையுயர்ந்த திராட்சைக்கு அதுதான் காவல். 1760-ல் கோந்தி இளவரசர் வாங்கியதால் வந்த பெயர். இன்று இரண்டு குடும்பங்கள் பாதிப் பாதி வைத்திருக்கின்றன. பிறகு எப்படி மோனோபோல்? 1942-ல் அதைக் கம்பெனி ஆக்கிவிட்டார்கள். பங்குப் பத்திரம் எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் பிரியலாம், கொடி வரிசை பிரியாது.

ஒரே கையில் இருப்பதில் ஒரு சிக்கலும் உண்டு. திராட்சை வேரை அழிக்கும் ஃபிலாக்சரா பூச்சியிடம் அதுவரை தப்பியிருந்த ஒட்டுப்போடாத பழைய கொடிகளை 1945 அறுவடையோடு பிடுங்கிவிட்டார்கள். புதிய நடவு காய்த்து வரும் வரை, 1946 முதல் 1951 வரை உலகில் ரொமானே-கோந்தி என்ற ஒயினே இல்லை. பத்துப் பேருக்குப் பங்கிருந்த தோட்டமாக இருந்தால் ஒன்பது பேராவது அந்த ஒயினைப் போட்டிருப்பார்கள். அந்தக் கடைசி 1945 வெறும் 600 பாட்டில். அதில் ஒன்று 2018-ல் நியூயார்க் ஏலத்தில் 5,58,000 டாலருக்குப் போனது.

எனக்கு மிகப் பிடித்தது மோனோபோல் ஆக முடியாத ஒரு தோட்டம். மோரே-சேந்-தெனி ஊரின் குளோ தெ லாம்ப்ரே, எட்டு ஹெக்டேருக்கு மேல். 2014-ல் எல்விஎம்ஹெச் என்ற பெரிய ஆடம்பரப் பொருள் நிறுவனம் வாங்கியது. ஆனால் ஒரு ஓரத்தில் சுமார் பத்து சென்ட் இன்னொரு குடும்பத்துடையது. அந்தப் பத்து சென்டால் அத்தனை பெரிய நிறுவனமும் அந்த ஒரு சொல்லை லேபிளில் போட முடியாது! பக்கத்திலேயே குளோ தெ தார், 7.5 ஹெக்டேர். 1141-ல் கன்னியாஸ்திரீகள் வாங்கியது. அன்றிலிருந்து இன்றுவரை கைமாறியது மூன்றே முறை, ஒருமுறைகூட உடையவில்லை.

பர்கண்டிக்கு வெளியே ரோன் பக்கம் ஷாதோ-கிரியே, லுவாரில் குலே தெ செராந்த். இரண்டும் தனிச் சட்டப் பெயர் பெற்ற, ஒரே உரிமையாளர் கொண்ட வெள்ளை ஒயின் நிலங்கள். ஷாம்பெயின் பாட்டிலில் 'ஹைட்சிக் மோனோபோல்' என்று பார்த்தால் குழம்ப வேண்டாம், அது வெறும் பிராண்டு பெயர்.

அந்தச் சொல் இருந்தால் சரக்கு உயர்ந்ததா என்றால், இல்லை. அது பட்டாவைப் பற்றிய தகவல், ருசியைப் பற்றியது அல்ல. வீட்டை அடகு வைக்காமல் ஒரு மோனோபோல் குடித்துப் பார்க்க வேண்டுமென்றால் பர்கண்டியிலேயே தெற்கே மெர்க்யூரே பக்கம் தேடுங்கள். ஃபெவ்லே நிறுவனத்தின் குளோ தே மிக்லான் போல, மேலே சொன்ன விலைகளின் பக்கமே போகாத மோனோபோல்கள் அங்கே உண்டு.

என் முதலாளியிடமும் ஒன்று இருந்தது. வீட்டுக்குப் பின்னால் முப்பது சென்ட், அந்தச் சின்னப் பெயருக்குள் அடங்கிய நிலம் முழுக்க அவருடையது. வருடத்துக்கு இரண்டு பீப்பாய் தேறும். லேபிளில் 'மோனோபோல்' என்ற சொல் அவர் பெயரைவிடப் பெரிய எழுத்தில் இருந்தது. கடைசி நாள் விருந்தில் அதைத்தான் ஊற்றினார், ஊற்றிவிட்டு எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சுமார்தான். எல்லோரும் இரண்டாவது கிளாஸ் கேட்டு வாங்கிக் குடித்தோம்.