முன்பணம் சேர்ப்பதில் யார் சொல்வது சரி?

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். முதல் வீடு வாங்க மூன்று வருடமாக முன்பணம் சேர்க்கிறோம். ஆனால் நாங்கள் பார்க்கிற மாதிரியான வீட்டின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இன்னும் சேரவில்லை. விலையோ வருடா வருடம் ஏறிக்கொண்டே போகிறது. "ஃபிக்சட் டெபாசிட்டில் போட்டுக்கொண்டிருந்தால் ரிட்டயர் ஆனாலும் வீடு வாங்க முடியாது, மொத்தத்தையும் எடுத்துப் பங்குச்சந்தையில் போடுவோம்" என்கிறார் கணவர். எனக்குப் பயமாக இருக்கிறது. கிரெடிட் கார்டிலும் கொஞ்சம் பாக்கி நிற்கிறது. யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி

பதில்: உங்கள் பயம் நியாயம், அவருடைய அவசரமும் நியாயம். ஆனால் பணத்தை எங்கே போடுவது என்று இவ்வளவு வாதாடுகிறீர்களே, நாலைந்து வருடத்தில் தேவைப்படும் பணத்துக்கு அது நீங்கள் நினைக்கிற அளவு பெரிய விஷயம் இல்லை. மாதம் எவ்வளவு போடுகிறீர்கள் என்பதுதான் பெரிய விஷயம்.

ஒரு சின்னக் கணக்கு. மாதம் 1,000 வீதம் 5 வருடம் போட்டால் உங்கள் கைக்காசு 60,000. வருடத்துக்கு 6 சதவீத வட்டி என்றால் கடைசியில் ஏறத்தாழ 69,800 இருக்கும். அதுவே 12 சதவீதம் என்றால், அதுவும் நடுவில் ஒரு வருடம்கூடச் சறுக்காமல் வந்தால், ஏறத்தாழ 81,700. வட்டி இரண்டு மடங்கு, ஆனால் கைக்கு வருவது ஆறில் ஒரு பங்குதான் அதிகம். அந்த 6 சதவீதத்திலேயே இருந்துகொண்டு மாதம் 1,000-க்குப் பதில் 1,170 போட்டாலும் அதே தொகை வந்துவிடும், ராத்திரி தூக்கமும் கெடாது. ஏற்கெனவே மொத்தமாகச் சேர்ந்திருக்கிற பணத்துக்கு இந்த வித்தியாசம் ஏறத்தாழ இரண்டு மடங்காக இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் சந்தை விழுந்தால் முதலில் அடிபடுவதும் அந்தப் பணம்தான்.

சந்தை மோசம் என்று நான் சொல்லவில்லை, பதினைந்து இருபது வருடம் கழித்துத் தேவைப்படும் பணத்துக்கு அது நல்ல இடம். உங்களுக்கு அவ்வளவு காலம் இல்லை என்பதுதான் பிரச்சினை. அமெரிக்காவின் 500 பெரிய நிறுவனங்களின் பங்கு விலையைக் காட்டும் எஸ் அண்ட் பி 500 குறியீடு 2007 அக்டோபரில் இருந்த உச்சத்திலிருந்து 2009 மார்ச்சுக்குள் பாதிக்கும் மேல் இறங்கியது, பழைய உச்சத்தை மறுபடி தொடுவதற்கு 2013 ஆகிவிட்டது. 2020-ல் ஐந்தே வாரத்தில் மூன்றில் ஒரு பங்கு போனது, அந்த முறை சில மாதங்களிலேயே மீண்டும் வந்தது. எப்போது எப்படி நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நீங்கள் வீட்டைப் பார்த்து, பிடித்து, பேசி முடிக்கிற மாதம் சந்தை விழுந்த மாதமாக இருந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? விற்பவர் உங்களுக்காகக் காத்திருக்க மாட்டார். அதனால் இந்தப் பணம் வட்டி குறைவாக வந்தாலும் பத்திரமான இடத்தில் இருக்கட்டும். அவருக்கு ஆசை இருந்தால், ஓய்வுக்காலத்துக்கு என்று தனியாக ஒரு தொகையைச் சந்தையில் போடட்டும், அதை எதற்காகவும் தொட வேண்டாம்.

முதலில் கார்டு பாக்கியை முடியுங்கள். மாதம் 3 சதவீதம் என்பது கேட்கச் சின்னதாக இருக்கும், வட்டிக்கு வட்டி சேர்ந்தால் வருடத்துக்கு 42 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. ஒரு பக்கம் 6 சதவீதத்துக்குச் சேமித்துக்கொண்டு இன்னொரு பக்கம் 42 கட்டுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை. சேமிப்பிலிருந்து எடுத்தாவது இந்த மாதமே அடைத்துவிடுங்கள்.

அப்புறம், எவ்வளவு சேர்க்க வேண்டும் என்கிற இலக்கு. வீட்டின் விலை 100 என்றால் வங்கி 80 தரும், 20 நாம் போட வேண்டும் என்று பலரும் கணக்குப் போடுகிறார்கள். பதிவுச் செலவு, அரசு வரி, பத்திரங்களைச் சரிபார்க்கும் வக்கீல் கட்டணம், வங்கியின் கட்டணம், வீடு மாறுகிற செலவு, போனதும் செய்ய வேண்டிய ரிப்பேர் எல்லாம் அந்த 20-க்கு மேலே. இது இடத்துக்கு இடம் மாறும். ஒரு பேச்சுக்கு 8 என்று வைத்துக்கொண்டால் இலக்கு 28. வீட்டின் விலை வருடத்துக்கு 5 சதவீதம் ஏறினால் நாலு வருடத்தில் அந்த 28 என்பது 34 ஆகிவிடும். எட்ட எட்ட நகர்கிறது என்று உங்களுக்குத் தோன்றுவது இதனால்தான், உங்கள் உழைப்பில் குறை இல்லை. மாதம் போடுகிற தொகையை வருடா வருடம் ஏற்றுங்கள். சம்பளம் கூடுகிற மாதமே, அந்தக் கூடுதல் வீட்டுச் செலவில் கலப்பதற்கு முன், அதில் பாதியையாவது இந்தக் கணக்குக்குத் திருப்பிவிடுங்கள். போனஸ், அரியர்ஸ் என்று எது வந்தாலும் அப்படியே.

என் அனுபவத்தில் எல்லாவற்றையும்விட உதவியது ஒரு ஒத்திகைதான். வாங்கப்போகிற வீட்டுக்குத் தவணை மாதம் எவ்வளவு வரும் என்று பாருங்கள். அது 40, இப்போது கொடுக்கும் வாடகை 18 என்றால், மீதி 22-ஐ இன்றிலிருந்தே தவணை கட்டுவதுபோலத் தனிக் கணக்கில் போடுங்கள், சம்பளம் வந்த மறுநாளே தானாகப் போகும்படி. ஆறு மாதம் மூச்சு முட்டாமல் முடிகிறது என்றால் அந்த வீடு உங்களுக்குத் தாங்கும். முடியவில்லை என்றால் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே தெரிந்துவிட்டதே, கொஞ்சம் சின்ன வீடாகப் பார்க்கலாம். இரண்டில் எது நடந்தாலும் பணம் சேர்ந்திருக்கும்.

இன்னொன்றை மறக்காமல் கேளுங்கள். நாங்கள் முதல் வீடு வாங்கியபோது கடனைக் குறைக்க வேண்டும் என்ற வெறியில் கணக்கைத் துடைத்துக் கட்டினோம். குடிபோன இரண்டாவது மாதமே வீட்டில் ஒருவருக்கு ஆபரேஷன் செய்ய வேண்டி வந்தது. அந்தச் சமயம் வாங்கிய அவசரக் கடனை அடைக்க இரண்டு வருடம் ஆனது, புது வீட்டில் நிம்மதியாக உட்கார்ந்த நினைவே எனக்கு இல்லை. மூன்று மாதச் செலவுக்காவது, முடிந்தால் ஆறு மாதத்துக்கு, தனியாகப் பணம் இருக்கட்டும். அதை முன்பணக் கணக்கில் சேர்க்கவே சேர்க்காதீர்கள்.

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. 8 சதவீத வட்டியில் 20 வருடக் கடன் என்றால், வாங்குகிற ஒவ்வொரு 100-க்கும் மொத்தமாக ஏறத்தாழ 200 திருப்பிக் கட்டுகிறோம். அப்படியானால் முன்பணத்தில் நீங்கள் கூடுதலாகப் போடுகிற ஒவ்வொரு 100-ம் பின்னால் கட்ட வேண்டிய 200-ஐக் குறைக்கிறது. அவர் தேடுகிற லாபத்தில் பெரும்பகுதி இங்கேயே இருக்கிறது.

கேள்வி: வங்கிக் கடன் போக மீதிக்குப் பெர்சனல் லோன் வாங்கி இப்போதே வீட்டை புக் செய்துவிட்டால் என்ன? விலை ஏறுவதற்குள் வாங்குவது லாபம்தானே?
– ஒரு வாசகர்

பதில்: வேண்டாம். வீட்டுக் கடன் தரும்போது உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிற தவணைகளையும் கழித்துத்தான் தகுதி பார்ப்பார்கள். பெர்சனல் லோன் வாங்கினால் வீட்டுக் கடன் அந்த அளவுக்குக் குறையும், நீங்கள் அடைக்க நினைத்த பள்ளம் இன்னும் ஆழமாகும். அதோடு அந்தக் கடனுக்கு வட்டியும் அதிகம், காலமும் குறைவு, அதனால் முதல் சில வருடம் இரண்டு தவணை ஒன்றாகக் கழுத்தைப் பிடிக்கும்.

சொந்தப் பணமாகவே இருந்தாலும், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் எவ்வளவு கடன் கிடைக்கும் என்று வங்கியிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். கடன் கிடைக்காவிட்டாலோ பத்திரத்தில் வில்லங்கம் தெரிந்தாலோ அட்வான்ஸ் முழுதாகத் திரும்ப வரும், இத்தனை நாளுக்குள் வரும் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார், நம்பிக்கைதானே" என்று வாயால் மட்டும் சொல்கிறவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள், வீடு எவ்வளவு பிடித்திருந்தாலும்.